தண்ணீர்க் கணக்கு பார்த்த கவிஞர்

உஸ்பெகிஸ்தானில் கவிஞர் ஒகாஹியின் வீட்டைப் பார்க்கப் போனேன். உர்கெஞ்ச் ரயில் நிலைய வாசலில் டாக்ஸிக்காரரிடம் நான் சொன்னது ஒரே வார்த்தை: "ஒகாஹி." தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய நாடக அரங்கின் முன்னால் இறக்கிவிட்டார். அரங்கத்தின் பெயரும் ஒகாஹிதான்! தப்பு என்மேல்தான், "வீடு" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் கூரை போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டு கீவா நகரத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

வழியெல்லாம் பருத்தி வயல், நடுவே கால்வாய். கால்வாயை இங்கே 'யோப்' என்கிறார்கள். தண்ணீர் பால் அதிகம் விட்ட டீயின் நிறம். அமு தரியா ஆறு கொண்டுவரும் வண்டல் அது. முன்பு வருஷாவருஷம் ஊரே இறங்கி அந்தச் சேற்றை வாரிப்போட்டால்தான் வயலுக்குத் தண்ணீர். எந்த ஊருக்கு எவ்வளவு விடுவது, தூர் வார யாரை அனுப்புவது என்று பார்த்துக்கொண்டவர் 'மீராப்'. கீவாவை ஆண்ட கான்கள், அதாவது மன்னர்கள், காலத்தில் அது பெரிய பதவி.

முகம்மத் ரிசா ஒகாஹி அப்படி ஒரு மீராப். 1809-ல் கீவாவுக்குப் பக்கத்தில் கியாத் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, அப்பாவின் சகோதரர் மூனிஸ் வளர்த்தார். மூனிஸும் கவிஞர், வரலாற்றாசிரியர், மீராப். 1829-ல் அவர் இறந்ததும் பதவி ஒகாஹிக்கு வந்தது. அவர் பாதியில் விட்டுப்போன கீவா வரலாற்றையும் இவர்தான் எழுதி முடித்தார்.

கியாத்தில் இப்போது நினைவு இல்லம் இருக்கிறது. நான் போனபோது வேறு ஆளே இல்லை. பார்த்துக்கொள்ளும் அம்மா பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முதல் கோப்பையைத் திரும்பக் கெண்டிக்குள்ளேயே ஊற்றி, மறுபடி ஊற்றி, மூன்றாவது முறைதான் என் கைக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் அரபு எழுத்தில் பக்கங்கள். ஒரு எழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நகர மனம் வரவில்லை.

சாதியின் 'குலிஸ்தான்', ஜாமியின் 'யூசுப் ஜுலைகா', 'காபூஸ் நாமா' என்று பாரசீகத்திலிருந்து அவர் துருக்கிய மொழிக்குக் கொண்டுவந்தவை ஏராளம். இதோடு சொந்தக் கவிதை, அரசு வரலாறு. குதிரையிலிருந்து விழுந்து கால் கெட்டுப்போக, பிற்பாடு மீராப் வேலையை விட்டுவிட்டார். எழுத்தை விடவில்லை. 1873-ல் ரஷ்யப் படை கீவாவைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, மறு வருஷம் இறந்தார். கீவாவில் முதல் கல்லச்சுக்கூடம் வந்ததும் அந்த 1874-ல்தான். வாழ்நாள் முழுக்கக் கையால் எழுதியவர், பாவம்.

அப்புறம் கீவா கோட்டை. மேற்கு வாசலில் நுழைந்ததும் கல்தா மினார் என்ற கோபுரம், பச்சையும் நீலமுமாக, பாதியில் வெட்டிய பீப்பாய் மாதிரி. தூரத்திலுள்ள புகாரா நகரமே தெரிகிற உயரத்துக்கு கான் கட்ட நினைத்தாராம், பாதியிலேயே கொத்தனார் ஓடிவிட்டாராம். ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒகாஹி எழுதி வைத்த காரணம் ரொம்பச் சாதாரணமானது: கட்டிய முகம்மத் அமீன் கான் இறந்துபோனார், வேலை நின்றது. கான் 1855-ல் சண்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். தண்ணீர்க் கணக்கு எழுதிய கை, ஓடிப்போன கொத்தனாருக்கு அதில் இடமில்லை.

கூட்டம் கலைந்ததும் வழிகாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஒகாஹி வேறு மாதிரி எழுதியிருக்கிறாரே?"

"தெரியும் சார்," என்றார். "அதைச் சொன்னால் யார் டிப்ஸ் தருவார்கள்?"