செங்டூவில் முதல் மாதம்

நானும் என் மனைவியும் ஆங்கில ஆசிரியர்களாகச் சீனாவின் செங்டூ நகருக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஹோட்டலில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்திற்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், பயணக் களைப்போடு முதலில் அங்கேதான் போய் நின்றோம். வசிப்பு அனுமதிக்கு 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; அதுவும் முடிந்தது.

மனதுக்கு நெருக்கமாகிவிட்டது தெருமுனைச் சந்தை. கியூஆர் அட்டையைக் கூடைமேல் தொங்கவிட்டுப் பழம் விற்கும் அம்மா, விலை கேட்டதும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினார். அது ஆறு என்பதற்கான சைகை என்று தெரியாமல் நான் விழித்தபோது, என் நடுவிரல்கள் மூன்றையும் அவரே மடக்கிவிட்டு, நான் சரியாகக் காட்டும்வரை சிரித்துக்கொண்டே காத்திருந்தார். அந்தப் பொறுமையை என்னால் மறக்க முடியவில்லை.

சீன மொழியில் 'மாய்' என்ற சொல்லைக் குரல் தாழ்த்தி உயர்த்திச் சொன்னால் வாங்குவது; சட்டென்று இறக்கிச் சொன்னால் விற்பது. மதிய உணவுக்குப் பின் மாணவர்கள் மேசைமேல் தலைசாய்த்து உறங்கும் வேளையில், அந்த இரண்டு ஒலிகளையும்தான் நான் மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.