வாசல் பக்கத்துச் சுவரும் எங்க டென்ட்டும்: 9 வாரமா செஞ்சது

முதல் வாரம்

வெளிய போகலாம்னு முடிவு பண்ணி கதவைத் தாண்டுறதுக்கு எங்க வீட்டுல 50 நிமிஷம் ஆகுது. ஒரு நாள் கடிகாரம் வச்சே பாத்துட்டேன். தொப்பி கட்டிலுக்கு அடியில, பாட்டில் ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம், சின்னவன் ஷூ ஒத்தை மட்டும் பீரோ மேல, ரெயின்கோட்டை போன தடவை ஈரத்தோட சுருட்டி வச்சதுல பைக்குள்ளயே வாடை புடிச்சுக் கிடக்கு. பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 2. ரெண்டையும் கூட்டிட்டு கேம்பிங் போகணும், மலைப்பாதையில நடக்கணும்னு எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. அதுக்காக டென்ட்டு, குழந்தையை முதுகுல தூக்குற கேரியர்னு தேடித் தேடிப் படிச்சிட்டு இருந்தப்பதான் உறைச்சுது, எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் அதுவும் இதே குவியல்லதான் போய் விழப்போகுது. சரி, முதல்ல சுவரு, அப்புறம் சாமான்னு முடிவு பண்ணோம்.

வாசல் கதவை ஒட்டி 160 செமீ அகலத்துக்கு சும்மா கிடக்குற சுவர் ஒண்ணு இருக்கு. அதுல கீழ ஒரு பெஞ்ச், அதுக்கு மேல மாட்டுற பலகை 2 வரிசை, எல்லாத்துக்கும் மேல பூட்டுற மாதிரி ஒரு அலமாரி. கணக்கு ஒண்ணே ஒண்ணுதான்: பசங்க சாமானைப் பசங்களே எடுக்கணும், பசங்களே திரும்ப வைக்கணும். நாங்க எடுத்துக் குடுக்குற உயரத்துல மாட்டினா கடைசி வரைக்கும் நாங்கதான் எடுத்துக் குடுத்துட்டு இருப்போம்.

ரெண்டு பேரையும் சுவத்தோட நிக்க வச்சு அளவு எடுத்தேன். பெரியவ தோள் 91 செமீ, சின்னவன் தோள் 66. அப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. சின்னவன் கைக்கு எட்டுற உயரத்துல கொக்கி போட்டா அது கிட்டத்தட்ட அவன் கண்ணு உயரம். ஓடி வர்ற புள்ள, நீட்டிக்கிட்டு நிக்குற கம்பிக் கொக்கி, நினைக்கவே வயித்தைக் கலக்குச்சு. அதனால கம்பி ஹூக்கே வேண்டாம்னு விட்டுட்டு, முனை உருண்டையா இருக்குற மரக்குமிழ் போட்டோம், அதையும் பெஞ்சுக்கு நேர் மேல வர்ற மாதிரி. பெஞ்ச் 32 செமீ வெளிய நிக்குது, அவன் ஓடி வந்தாலும் முட்டி முதல்ல பெஞ்சுல இடிக்கும், முகம் குமிழ் வரைக்கும் போகாது.

2, 3ஆவது வாரம்

பலகை 18 மிமீ பிளைவுட். அறுத்து, ஓரத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டு உருட்டினது நான், டிரில் புடிச்சது வீட்டுக்காரர். சுவத்துக்குள்ள ஒயர் எங்க ஓடுதுன்னு முதல்லயே பாத்துக்கிட்டோம். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேல, நேர் கீழ, அதே மட்டத்துல பக்கவாட்டுலன்னு எங்கயும் துளை போடல, மத்த இடத்துலயும் டிடெக்டர் வச்சுப் பாத்துட்டுதான் பிட்டை வச்சோம்.

8 மிமீ பிட், 8 மிமீ ரால் பிளக் (ஸ்க்ரூவைப் புடிச்சுக்க துளைக்குள்ள சொருகுற குழல்), 5 மிமீ தடிமன்ல 50 மிமீ நீள ஸ்க்ரூ. மாட்டி முடிச்சதும் பாக்க ஜம்முனு இருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் பெரியவ குமிழைப் புடிச்சு லேசாத் தொங்கினா, பலகை ஒரு பக்கம் அப்படியே பூச்சோட பேந்து வந்துடுச்சு. நல்லவேளை அவ பெஞ்ச் மேல நின்னா, அடி எதுவும் படல. பயந்துட்டா பாவம், "நான் ஒடைக்கலம்மா"ன்னு ஒரே அழுகை. "நீ ஒண்ணும் பண்ணல கண்ணு, நாங்கதான் சரியா மாட்டல"ன்னு மடியில போட்டு சமாதானம் பண்ணேன்.

சித்தப்பா காலம் பூரா மரவேலை பாத்தவர். அவருக்குப் போன் போட்டேன். முழுசாக் கேக்குறதுக்கு முன்னாடியே, "ஏம்மா, துளை போடும்போது தூள் என்ன கலர்ல வந்துச்சு?"ன்னார். சாம்பல் கலர்னு சொன்னேன். "கடைசி வரைக்கும் சாம்பலேதானா? செவப்பு வரவே இல்லயா? அப்ப நீங்க செங்கலைத் தொடவே இல்லம்மா, பூச்சுலயே மாட்டிருக்கீங்க." தரையைப் பெருக்கின தூள் இன்னும் முறத்துலயே இருந்துச்சு, போய்ப் பாத்தேன், அடியில ஒரு சிட்டிகை செவப்பு, மத்ததெல்லாம் சாம்பல்தான்.

விஷயம் என்னன்னா, எங்க சுவத்துல பூச்சு மட்டுமே 20 மிமீ. பிளக்கோட பாதி நீளம் அந்தப் பூச்சுலதான் உக்காந்திருக்கு. ஸ்க்ரூ உள்ள போகப் போக பிளக் விரிஞ்சு சுவத்தை உள்ளேர்ந்து நெருக்கும், அந்த உராய்வுதான் மொத்தப் பிடிமானமும், இந்த நைலான் பிளக்கை 1958ல ஆர்தர் ஃபிஷர்னு ஜெர்மன்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சார், இன்னைக்கும் அதே தத்துவம்தான். ஆனா நெருக்குறதுக்கு கெட்டியான ஒண்ணு சுத்தி இருக்கணுமே. பூச்சு உதிரும், செங்கல் தாங்கும். சித்தப்பா கணக்கு போட்டே குடுத்தார்: பலகை 18, பூச்சு 20, பிளக் 40, ஸ்க்ரூ முனை பிளக்கைத் தாண்டி வர 5, ஆக 83. அப்ப 90 மிமீ ஸ்க்ரூ, சுவத்துல துளை 80 மிமீ ஆழம். பிட்டுல 80ல ஒரு டேப் சுத்திக்கிட்டோம், பிளக்கைப் பூச்சைத் தாண்டி செங்கலுக்குள்ள போற வரைக்கும் ஆணி வச்சுத் தட்டி இறக்கினோம். துளைக்குள்ள இருக்குற தூளை சைக்கிள் பம்பால ஊதி வெளியேத்தணும், கண்ணாடி போட்டுக்கிட்டு. தூள் உள்ளயே கிடந்தா பிளக் வழுக்கும்.

ஒண்ணு சொல்லிடுறேன், எங்களது கெட்டிச் செங்கல். உள்ள ஓட்டை இருக்குற பிளாக், இல்ல லேசான காத்து பிளாக் சுவரா இருந்தா அதுக்குத் தனி பிளக் இருக்கு, ஓட்டை பிளாக்குல டிரில்லோட ஹாமர் மோடும் (தட்டித் தட்டித் துளைக்கிறது) போடக்கூடாது, உள்ள இருக்குற மெல்லிய சுவர் நொறுங்கிடும்.

ரெண்டாவது தடவை மாட்டினதும் பசங்களைத் தொடவே விடல. தண்ணி நிரப்பின 20 லிட்டர் கேன் 2 எடுத்து ஒரே பலகையில ராத்திரி பூரா தொங்கவிட்டோம். காலையில பென்சில் கோடு போட்ட இடத்துலயே நின்னுச்சு, ஒரு மயிரிழை கூட இறங்கல. பக்கத்துல இருந்த ஷூ ராக்கையும், பசங்க ரூம்ல டிராயர் அலமாரியையும் அதே கையோட சுவத்தோட பட்டை போட்டு இறுக்கிட்டோம். டிராயரை இழுத்து படிக்கட்டு மாதிரி ஏறுற வயசு இது. உங்க வீட்டுல சின்னப் பசங்க இருந்தா மத்த எல்லா வேலையையும் ஒதுக்கி வச்சுட்டு இதை இன்னைக்கே செஞ்சுடுங்க.

4ஆவது வாரம்

மேல் அலமாரி, தரையிலேர்ந்து 175 செமீ. ஸ்டவ், கத்தி, பூச்சி மருந்து, மருந்துப் பெட்டி, பேட்டரி எல்லாம் அங்க. கேஸ் டப்பா மட்டும் வேற இடம், வெயில் படாத காத்தோட்டமான பக்கம், 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு டப்பா மேலயே போட்டிருக்கு.

ஹெட்லேம்ப் தேடினப்ப பசங்களுக்குன்னு விக்கிற குட்டி லைட்ல பாதி பட்டன் செல்லுல ஓடுறது. சிஆர் 2032ன்னா 20 மிமீ அகலம், குழந்தை முழுங்கினா தொண்டைக்குழாய்ல அப்படியே சிக்குற அளவு. அங்க ஈரம் பட்டதும் கரண்ட் ஓட ஆரம்பிச்சு 2 மணி நேரத்துலயே உள்ள கடுமையா வெந்துடும். அதனால ட்ரிபிள் ஏ பேட்டரி போடுற, மூடியில ஸ்க்ரூ இருக்குற லைட்தான்னு எடுத்தோம். லைட் வெளிச்சம் எத்தனை லூமன்னு பாக்குறதுக்கு முன்னாடி மூடியைத் திருப்பிப் பாருங்க.

5ஆவது வாரம்: டென்ட்டு

வாங்குறதுக்கு முன்னாடி டென்ட்டை ஹால் தரையில வரைஞ்சோம். 4 பேர் டென்ட்டுன்னு போட்டிருந்த ஒண்ணோட அளவு 210க்கு 240. பேப்பர் டேப்பால அந்தக் கட்டத்தை ஒட்டி, 51 செமீ அகல பாய் 4ஐ உள்ள விரிச்சா 204 போயிடுச்சு. மிச்சம் 6 செமீ. பை எங்க வைக்கிறது, ராத்திரி டயப்பர் எங்க மாத்துறது, சின்னவன் படுத்த இடத்துல படுத்தே இருக்கமாட்டானே, உருண்டு உருண்டு பக்கத்துச் சுவத்துல போய் ஒட்டிக்குவான், அங்கதான் துணியில நீர் கோத்து ஈரமா இருக்கும். 4 பேர்னா தோளோட தோள் ஒட்டி 4 உடம்பு, அவ்வளவுதான் அர்த்தம். 6 பேர் அளவுல எடுத்தோம், கனம் கூடத்தான், ஆனா வண்டி நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே போடுறவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல.

துணியில 3000 மிமீன்னு போட்டிருக்கும், பலருக்கும் அது என்னன்னு தெரியுறதில்ல. துணி மேல குழாய் மாதிரி நிக்க வச்சு தண்ணி ஏத்திட்டே போனா எத்தனை மிமீ உயரத்துல கசிய ஆரம்பிக்குதுங்குற கணக்கு அது. மேல் விரிப்பை விட அடித் தரைக்கு எண் கூட இருக்கணும், முட்டி போட்டு ஊனினா அந்த இடத்துல அழுத்தம் மழையை விட ஜாஸ்தி. இதையெல்லாம் பாத்துதான் வாங்கினோம், ஆனாலும் வெளிய கட்டி 20 நிமிஷம் ஹோஸ் புடிச்சப்ப ஒரு மூலையில சொட்டுச்சு. துணி இல்ல, தையல். உள்பக்கம் ஒட்டியிருந்த டேப் விரல் அளவுக்கு உரிஞ்சிருந்துச்சு. சீலர் (தையலை அடைக்கிற பசை) போட்டா சரியாயிடும், ஆனா துணி பியூ, அதாவது பாலியூரித்தேன் பூச்சா, சிலிக்கான் பூச்சான்னு தெரிஞ்சுக்கிட்டு போடணும், பியூ சீலர் சிலிக்கான் துணியில ஒட்டவே ஒட்டாது. எங்களது பியூ. போட்டு ஒரு நாள் காய விட்டு மறுபடி தண்ணி அடிச்சோம், ஒரு சொட்டு இல்ல. இந்தக் கசிவை நடுராத்திரி பசங்க தூங்குற நேரத்துல கண்டுபிடிச்சிருந்தா என்ன பாடு பட்டிருப்போம்னு நினைச்சுப் பாத்தேன்.

பியூ பூச்சுக்கு இன்னொரு எதிரி, ஈரத்தோட மடிச்சு வைக்கிறது. மாசக்கணக்குல ஈரத்துலயே கிடந்தா பூச்சே பிசுபிசுன்னு ஆகி உரிய ஆரம்பிக்கும், ஒரு புளிச்ச வாடையும் வரும். அதுக்காகவே பால்கனி மேல்தளத்துல கப்பி போட்ட கயிறு ஒண்ணு கட்டினோம், டென்ட்டை மாட்டி மேல இழுத்துட்டா கீழ நடமாட இடம் இருக்கும். கயிறு முனையைச் சுத்துற கட்டை பசங்களுக்கு எட்டாத உயரம், தொங்குற கயிறுன்னு எதுவுமே கீழ வரக்கூடாது. பால்கனியில கிராதி இடைவெளியும் அளந்தேன், 10 செமீக்குள்ளதான் இருக்கு, நிம்மதி. சாமான் பெட்டியை மட்டும் கிராதியை விட்டுத் தள்ளி உள் சுவர் ஓரமா நகத்தினோம், ஏறி நிக்க ஒரு பெட்டி போதும்.

6, 7ஆவது வாரம்

ஸ்லீப்பிங் பேக்ல போட்டிருக்குற டிகிரி கணக்கு ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு தரப்படி பெரியவங்க உடம்புக்குப் போட்டது. பசங்களுக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது. பெரியவளுக்கு அவ நீளத்துக்கு எடுத்தோம், கால் பக்கம் காலி இடம் இருந்தா அந்தக் காத்தையும் அவ உடம்புதான் சூடாக்கணும். சின்னவனுக்கு பேக் வேண்டாம்னு அடுக்கடுக்கா துணி போட்டு, தனி பாய். 1 வயசுக்குள்ள இருக்குற குழந்தையை பெரியவங்க பேக்குக்குள்ள கூடவே போட்டுப் படுக்க வைக்கவே கூடாது, மூச்சு முட்டும். குளிர் மேலேர்ந்து வர்றதை விட தரையிலேர்ந்துதான் ஏறும், அதனால பாயோட ஆர் வேல்யூவைப் பாருங்க, சூடு வெளிய போகாம எவ்வளவு தடுக்குதுங்குற எண் அது. 2 இருக்குற ஃபோம் பாய் மேல 2 இருக்குற காத்துப் பாயைப் போட்டா 4, நேரா கூட்டிக்கலாம்.

முதுகுல குழந்தையைத் தூக்குற கேரியர் வீட்டுக்காரர் பொறுப்பு. சின்னவன் 12 கிலோ, கேரியரே 3, தண்ணி, மாத்துத் துணின்னு இன்னொரு 3, மொத்தம் 18. எங்க கேரியர்ல போட்டிருக்குற உச்சபட்சம் 22, அது எல்லாம் சேத்து. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பு மேல முதல்ல இறுக்கி, அப்புறம்தான் தோள் பட்டை. தொங்குற காலுக்கு கீழ மிதி இருக்கணும், தூங்கிட்டா தாடை நெஞ்சுல படாம தலை நிக்கணும், அதைக் கூட வர்றவங்க அடிக்கடி பாக்கணும்.

வீட்டுக்குள்ளயே அரை மணி நேரம் நடந்து பாத்தார். ரெண்டாவது ரவுண்டுல பாத்ரூம் நிலைப்படியில கேரியர் மேல்மூடி டக்னு இடிச்சுது. அவர் தலை தாராளமா நுழையுது, சின்னவன் தலை அவருக்கு மேல ஒரு சாண் உயரத்துல இருக்கு. மூடி இருந்ததால அவனுக்கு எதுவும் ஆகல, சிரிச்சான். எங்களுக்குத்தான் திக்குனு ஆயிடுச்சு, காட்டுக்குள்ள தாழ்ந்த கிளைன்னா அங்க மூடி தாங்குமா. அன்னைலேர்ந்து ஒரு வழக்கம் வச்சிருக்கோம், முன்னாடி போறவங்க கிளையைப் பாத்தா "குனி"ன்னு சத்தமா சொல்லணும், அவர் முட்டியை மடக்கி இறங்கணும், முதுகை வளைச்சா புள்ள முன்னாடி வந்துடுவான். பெரியவ இந்த வேலையை ரொம்பப் பொறுப்பா எடுத்துக்கிட்டா.

9ஆவது வாரம்

ஒரு ராத்திரி வெளிய தங்கிட்டு வந்தாச்சு. கிளம்ப 17 நிமிஷம். தொப்பி, லைட், ரெயின்கோட்டு, எல்லாம் அவங்க அவங்க குமிழ்லேர்ந்து அவங்களே எடுத்தாங்க, சின்னவன் அக்கா தொப்பியையும் சேத்து எடுத்துட்டு வந்து குடுத்தான். விடியக்காலம் மழை, டென்ட்டு சொட்டல. ஸ்டவ்வை உள்ள கொண்டு வந்துடலாமான்னு ஒரு நிமிஷம் யோசனை வந்துச்சு, வேண்டவே வேண்டாம்னு மழை விடுற வரைக்கும் காத்திருந்தோம், மூடின டென்ட்டுக்குள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைச் சாய்ச்சிடும்.

திரும்பி வந்ததும்தான் குறை தெரிஞ்சுது. சேறு ஒட்டின ஷூ 4 ஜோடி, பெஞ்சுக்கு அடியில பிளைவுட் மேலயே தண்ணி வடிஞ்சு ஓரம் லேசா உப்பிடுச்சு. அறுத்த ஓரத்துக்கு வார்னிஷ் ஒரே கோட்டுதான் குடுத்திருந்தேன், 3 குடுத்திருக்கணும். இப்ப காய வச்சு, தேச்சு, ரெண்டாவது கோட்டு அடிச்சிருக்கேன். அடியில தண்ணி புடிக்க ஒரு டிரே வைக்கணும், கையில இருக்குற டிரே 70 செமீ, பெஞ்ச் காலுக்கு நடுவுல 68தான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு காலை 2 செமீ தள்ளி மாட்டப்போறேன்.