ஏதென்ஸ்: பளிங்கு மைதானமும் ஐந்து மல்லர்களும்

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு டாக்ஸிக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. எங்கள் டிரைவரோ பெட்டிக்குத் தனி, நெரிசலுக்குத் தனி என்று ஏற்றிக்கொண்டே போனார். தங்குமிடத்து வரவேற்பறைப் பெண் வெளியே வந்து கிரேக்க மொழியில் நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் இறங்கி வந்தார். எக்ஸ்95 பஸ்ஸில் போங்கள். ஐந்தரை யூரோவில் சின்டக்மா சதுக்கத்தில் விட்டுவிடுவான்.

அங்கிருந்து தேசியப் பூங்கா வழியே நடந்தால் பனதெனாயிக் மைதானம். நான் ஏதென்ஸ் போனதே இதற்காகத்தான். மொத்தமும் பெந்தெலி மலைப் பளிங்கு. வெயிலில் கண் கூசுகிறது. ஆனால் நிழல் விழுந்த படியில் உட்கார்ந்தால் பேன்ட் வழியாகக் குளிர் ஏறுகிறது. புதுப்பிக்கப் பணம் கொடுத்த அவெரோஃப் வெளியே சிலையாக நிற்கிறார்.

1896-இல் முதல் நவீன ஒலிம்பிக்ஸ் இங்கேதான். வருகிறவர்கள் எல்லாரும் மாரத்தான் ஜெயித்த ஸ்பிரிடோன் லூயிஸையே பேசுகிறார்கள். அதே ஏப்ரல் 10-ஆம் தேதி இங்கே மல்யுத்தமும் நடந்ததே! மொத்தம் ஐந்தே பேர். எடைப் பிரிவு கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற கிரேக்க-ரோமன் விதியும் இன்று போல அவ்வளவு கறார் இல்லை. ஜெர்மனியின் கார்ல் ஷூமான் குள்ளமானவர்தான், அடிப்படையில் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர். அவருக்கு முதல் சுற்றில் வாய்த்தவர் லான்சஸ்டன் எலியட், ஒற்றைக் கைப் பளுதூக்கலில் பட்டம் வென்ற ஆஜானுபாகு. எலியட் பிறந்தது இந்தியாவில்! அவரை ஷூமான் சட்டென்று சாய்த்துவிட்டார். இறுதிப் போட்டியில் எதிரே உள்ளூர்க்காரர் கியோர்கியோஸ் சீட்டாஸ். நாற்பது நிமிடம் கட்டிப் புரண்டும் முடிவு வரவில்லை, இருட்டிவிட்டது. மறுநாள் தொடர்ந்து ஷூமான் ஜெயித்தார். அந்தக் களத்தை மேல் படியிலிருந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பத்து வருடம் கழித்து, 1906-இல் இதே ஊரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் எடைப் பிரிவு வந்துவிட்டது. 85 கிலோவுக்கு மேல் ஹெவிவெயிட். அதில் டென்மார்க்கின் சோரன் மரினஸ் யென்சன் முதலிடம். அதோடு விட்டார்களா? மூன்று பிரிவு வெற்றியாளர்களையும் தங்களுக்குள் மோதவிட்டார்கள். அதிலும் யென்சன்தான். குள்ளமான ஷூமான் பளுதூக்கியைச் சாய்த்த ஊரில், கனத்த மனிதர் மற்ற எல்லாரையும் சாய்த்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்! 1906 போட்டியை ஒலிம்பிக் கமிட்டி அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது அநியாயம் என்றே சொல்வேன். யென்சன் 1908-இல் லண்டனில் வாங்கிய வெண்கலம் கணக்கில் உண்டு, ஏதென்ஸ் வெற்றிகள் இல்லையாம்.

அருங்காட்சியகம், நேரம், போகும் வழி எல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மல்யுத்தம் இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாக: டிக்கெட்டில் ஆடியோ கைடும் சேர்த்தி, சுரங்கப்பாதை தாண்டி ஒலிம்பிக் ஜோதிகளின் கண்காட்சி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பசித்தால் மைதானத்தின் பின்பக்கம் பங்கிராட்டி என்ற பகுதிக்கு ஏறுங்கள். சுற்றுலாக் கூட்டம் குறைவு, விலையும் குறைவு. தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, 'கிகாண்டெஸ்' என்பார்கள்; ஆலிவ் எண்ணெய் மிதக்க ஒரு மண் சட்டியில் வந்தது. ரொட்டியால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டேன். அக்ரோபோலிஸ் டிக்கெட் 30 யூரோ ஆகிவிட்டது. பட்ஜெட் இடித்தால் அதைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள்.