வலையில் விழாத தேன்சிட்டுகள்

வலையில் சிக்கும் தேன்சிட்டு பெரும்பாலும் உடம்பு தேறிய தேன்சிட்டு. விடியலில் பூ தேடிக் கிளம்பவும், தன் மரத்துக்கு வரும் இன்னொன்றைத் துரத்தியடிக்கவும் தெம்புள்ள பறவைதான் பறக்கிற வேகத்தில் வந்து வலையில் விழும். காய்ச்சல் கண்டு புதருக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும் பறவை அந்தப் பக்கமே வராது. ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் வரும் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

வெப்பமண்டலத்தில் பூந்தேன் குடித்து வாழும் சின்னப் பறவைகளின் ரத்தத்தில் எந்த ஒட்டுண்ணி இருக்கிறது, அது எந்த மரபு வழியைச் சேர்ந்தது, பறவையின் மரபணுக்கள் அதை எப்படி எதிர்கொள்கின்றன என்று பார்ப்பது என் வேலை. பாதி நேரம் மைக்ரோஸ்கோப், பாதி நேரம் டிஎன்ஏ துண்டுகளைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர். பருவம் வந்தால் உரிய அனுமதியோடு வலைகளையும் கால் வளையங்களையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவோம்.

இந்தப் பறவைகள் பல 7, 8 கிராம்தான் இருக்கும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி. நாங்கள் அதிலும் பாதிக்குக் கீழேதான் எடுப்போம். அது போதும். ஏனென்றால் நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவையின் சிவப்பணுவில் இருக்கிறது. ஒவ்வொரு சிவப்பணுவிலும் முழு மரபணுத் தொகுதி இருப்பதால் ஒரு சிறு துளியிலேயே டிஎன்ஏ ஏராளமாகக் கிடைத்துவிடும். ஆணா பெண்ணா, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துளியே போதும்.

இறக்கையின் அடியில் தோல் வழியாகவே தெரியும் நாளத்தை மெல்லிய ஊசியால் ஒரு முறை தொட்டால் ரத்தம் மணியாகத் திரளும். அதைக் கண்ணாடி நுண்குழாயில் ஏற்றி, ஸ்லைடின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கை தயங்கினால் தடவல் பட்டை பட்டையாகிவிடும். இழுத்தவுடன் காற்றில் ஆட்டி உலர்த்த வேண்டும். வெப்பமண்டல ஈரத்தில் அரை நிமிடம் தாமதித்தாலும் சிவப்பணுக்கள் சுருங்கி உருக்குலைந்து போகும். பறவையைப் பிடித்திருப்பவர் இதற்குள் பஞ்சால் நாளத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, சர்க்கரைத் தண்ணீர்க் குழாயை அலகருகே நீட்டுவார். கையில் இருக்கும்போதே நாக்கை நீட்டி உறிஞ்சத் தொடங்கிவிடும். குடித்து முடித்ததும் விட்டுவிட வேண்டும். இந்தப் பறவைகளால் பசி தாங்க முடியாது.

மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றி, எண்ணெய் லென்ஸை இறக்கினால் ஆயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும் அந்த உலகத்தில்தான் என் நாட்கள் கழிகின்றன. நீள்வட்டச் சிவப்பணு, நடுவில் ஊதா நிற உட்கரு. அதன் பக்கவாட்டில் வெளிர்நீலமாக ஒன்று ஒட்டிக்கொண்டு, இரு முனைகளையும் வளைத்து உட்கருவை அணைத்தபடி இருந்தால் அது அனேகமாக ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி. உள்ளே பழுப்புப் பொன்னிறத்தில் துகள்கள் மின்னும். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று ஒதுக்கிய கழிவுதான் அந்த நிறமி. சிவப்பணுவுக்குள் உட்கருக்கள் பிரிந்து ஒரு கொத்தாகத் தெரிந்தால் பிளாஸ்மோடியம், அதாவது பறவை மலேரியா. ஹீமோபுரோட்டியஸ் ரத்தத்தில் பெருகுவதில்லை, திசுக்களுக்குள் பெருகிவிட்டு, கடிக்கும் பூச்சிக்குத் தொற்றக்கூடிய பாலணுக்களை மட்டும் ரத்தத்துக்கு அனுப்பும். மூன்றாவது கூட்டமான லியூக்கோசைட்டோசூன், தான் குடியேறிய அணுவையே அடையாளம் தெரியாமல் ஊத வைத்துவிடும். நல்ல தடவலில் குறைந்தது 10,000 சிவப்பணுக்களையாவது பார்க்காமல் ஒரு முடிவு எழுத மாட்டோம்.

கொசு வழியாக மலேரியா பரவும் பாதை முழுமையாகத் தெளிவானதே பறவைகளில்தான். 1898-இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் குருவிகளையும் கொசுக்களையும் வைத்து அந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் நம்பியதும் ஒரு மைக்ரோஸ்கோப்பைத்தான்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்லைடு பார்ப்பதென்றால் சலிப்பு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவில் 479 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் பெருக்கி வரிசைப்படுத்தினால், உலகெங்கும் பதிவான மரபு வழிகள் சேர்ந்திருக்கும் மல்அவி தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பெயர் சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தப்பும் மிகக் குறைந்த தொற்றையும் பிசிஆர் பிடித்துவிடும். இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பறவைக்குள் இரண்டு மூன்று ஒட்டுண்ணிகள் சேர்ந்திருந்தால் பிசிஆர் பல நேரம் அதிகமாக இருப்பதை மட்டும் காட்டிவிட்டு மற்றதை விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. கொசு உமிழ்ந்த ஒட்டுண்ணி அந்தப் பறவையில் வளர முடியாமல் பாதியிலேயே நின்று போனாலும் அதன் டிஎன்ஏ கொஞ்ச நாள் ரத்தத்தில் மிதக்கும். பிசிஆர் அதையும் பாசிட்டிவ் என்றே சொல்லும். அந்தப் பறவை கொசுவுக்குத் திரும்பக் கொடுக்குமா என்பதற்குப் பாலணுவைக் கண்ணால் பார்த்தால்தான் சாட்சி. லித்துவேனியாவின் பறவை ஒட்டுண்ணி ஆய்வாளர் கெடிமினாஸ் வல்கியூனாஸ் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். நான் முழுமனதோடு அவர் பக்கம்.

ஒரு முறை புதிதாகச் சேர்ந்த மாணவி பிசிஆர் முடிவு தெரியும் ஜெல் படத்தைக் காட்டி, “அக்கா, இந்தக் காட்டுப் பறவைகளில் பாதிக்குமேல் பாசிட்டிவ். அந்தக் காட்டில் ஒன்றிரண்டுதான். அப்போ இந்தக் காடுதானே ஆபத்தானது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. “இருக்கலாம். அந்தக் காட்டில் தொற்று வந்தவை செத்துப்போயும் இருக்கலாம்” என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஹவாயைப் பற்றிப் பேசினோம்.

இந்த விஷயத்தை ஹவாய் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அந்தத் தீவுகளில் ஹனிகிரீப்பர் என்ற பறவைக் கூட்டம் கொசுவே இல்லாமல் பல லட்சம் ஆண்டுகள் பரிணமித்தது. 1826 வாக்கில் கப்பல் ஒன்றின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு கியூலெக்ஸ் கொசு மாவி தீவில் இறங்கியது என்கிறார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த பறவைகளோடு பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற பறவை மலேரியா ஒட்டுண்ணி வந்து சேர்ந்தது. வளைந்த அலகோடு பூந்தேன் உறிஞ்சும் செக்கச்சிவந்த ஈஈவி பறவையை ஒட்டுண்ணி சுமக்கும் ஒரே ஒரு கொசு கடிக்கும்படி விட்டுச் செய்த சோதனையில் 90 சதவீதம் இறந்தன. இதே தீவுகளில் அமகிஹி என்ற இன்னொரு ஹனிகிரீப்பர் உண்டு. தாழ்வான காடுகளில் அவற்றில் பெரும்பகுதி மலேரியாவைச் சுமந்துகொண்டே வாழ்கிறது, குஞ்சும் பொரிக்கிறது. அங்கே வலை விரித்தால் தொற்று விகிதம் எகிறும். குளிர்ந்த மலை உச்சியில் ஈஈவிக்கு வலை விரித்தால் விகிதம் குறைவாக வரும். எண்ணை மட்டும் பார்த்தால் ஈஈவி நலம், அமகிஹி நோயாளி என்று எழுதிவிடத் தோன்றும். உண்மை நேர் எதிர்.

கொசுவின் உடலுக்குள் அந்த ஒட்டுண்ணி வளர ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதனால்தான் 1,500 மீட்டருக்கு மேலுள்ள காடுகள் இந்தப் பறவைகளுக்குப் புகலிடமாயின. பூமி சூடாகச் சூடாக அந்தக் கோடு மேலே ஏறுகிறது, காடோ மலையோடு முடிந்துவிடுகிறது. 2017-இல் ஈஈவி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2023-இல் ஹவாயின் எட்டுப் பறவையினங்கள் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்கு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார மனம் வரவில்லை. இப்போது அங்கே வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை வானிலிருந்து விடுகிறார்கள். அவற்றோடு சேரும் காட்டுப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிவதில்லை. ஆண் கொசு கடிக்காது என்பதால் பறவைக்கும் தொல்லை இல்லை. மிச்சமிருக்கும் பறவைகளுக்கு இது பலிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒட்டுண்ணியைப் படிக்க ஆரம்பித்தால் கடைசியில் தண்ணீரைப் படிப்பதில் போய் முடியும். தேங்கிய நீரில் கியூலெக்ஸ் வளர்ந்து பிளாஸ்மோடியத்தைப் பரப்பும். சேற்றிலும் மரப்பொந்தின் ஈரத்திலும் மக்கும் இலைதழையிலும் வளரும் குலிகாய்டஸ் என்ற பொடி ஈ ஹீமோபுரோட்டியஸைக் கொண்டுவரும். ஓடும் ஓடையில் வளரும் கருப்பு ஈ லியூக்கோசைட்டோசூனைத் தரும். ஒரு ஸ்லைடில் எது தெரிகிறது என்பதை வைத்து அந்தப் பறவை எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இரவு தங்குகிறது என்று ஊகிக்கலாம். ஹவாயில் காட்டுப்பன்றிகள் மரப்பெரணியின் தண்டைக் குடைந்து தின்ற பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அதில்தான் கொசு பெருகுகிறது. பன்றிக்கு வேலி போடுவதும் மலேரியா வேலைதான் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம்.

பூவும் இதில் சேர்த்திதான். புல்லுருவிப் பூக்கள் சில, தேன்சிட்டு அலகால் கிள்ளும்போதுதான் பட்டென்று வெடித்து மகரந்தத்தை நெற்றியில் தூவும். அந்த நெற்றியில் ஒரு துண்டு டேப்பை ஒற்றி எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிட்டால் பறவை எந்தச் செடிக்குப் போனது, எந்த உயரத்தில் மேய்ந்தது என்பது தெரிந்துவிடும். மரஉச்சியில் கடிக்கும் பூச்சி வேறு, தரைக்கு மேல் கடிக்கும் பூச்சி வேறு என்பதால் மகரந்த ஸ்லைடையும் ரத்த ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அமெரிக்கக் கண்டத்து ஓசனிச்சிட்டுகளின் மூக்குத் துளைக்குள் ஏறி ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போகும் நுண்ணிய உண்ணிகள் உண்டு. சரியான பூ வந்ததும் இறங்கி ஓடிவிடும். பறவையின் ரத்தம் அவற்றுக்கு வேண்டாம், அது குடிக்க வேண்டிய பூந்தேனைத்தான் குடிக்கும். ஒட்டுண்ணி என்ற சொல்லுக்குள் இதை அடக்குவதா வேண்டாமா என்று நாங்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

மரபணுப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பறவை கரீபியன் தீவுகளின் பனானாக்விட். சாதாரணமாக மஞ்சள் வயிறு கொண்டது. கிரெனடாவிலும் செயின்ட் வின்சென்ட்டிலும் முழுக்கக் கருத்த பனானாக்விட்டுகள் உண்டு. எம்சி1ஆர் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த கருப்பு அது. அதே இடத்தில் அதே மாற்றம் கறுப்புக் கோழியிலும் கறுப்பு எலியிலும் இருக்கிறது. ஆனால் இந்தப் பறவையின் ஒட்டுண்ணிகள் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. ஒரு தீவில் பனானாக்விட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மரபு வழி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த தீவில் அதே பறவையில் காணாமல் போகிறது, வேறொன்று அங்கே இருக்கிறது. பறவையின் மரபணு, பூச்சியின் இருப்பு, இரண்டுக்கும் இடையே எப்போதோ நடந்து முடிந்த போராட்டம் என்று பல காரணங்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. எதிர்ப்புச் சக்தி என்பது ஒரு மரபணுவில் கைவைத்துக் காட்டக்கூடியதாக இருப்பது அபூர்வம். தாழ்நில அமகிஹி உச்சியிலுள்ள தன் சொந்த இனத்தைவிட மலேரியாவை நன்றாகத் தாங்குகிறது என்று சோதனைகள் காட்டிவிட்டன. தாங்காதவை போய், தாங்கியவற்றின் பிள்ளைகள் மிஞ்சின. ஆக, நாம் இன்று வாசிக்கும் மரபணு வரிசையும் பிழைத்தவற்றின் வரிசைதான்.

அதனால் எங்கள் ஆய்வகத்தில் இப்போது அதிக நேரம் போவது மறுபிடிப்புகளில். வளையமிட்ட பறவை திரும்ப வலையில் விழுந்தால் எடை, கழுத்துக்குழிக் கொழுப்பு, புதிய தடவல் எல்லாம் மறுபடி எடுக்கிறோம். முதல் முறை தொற்று இல்லாதவை, தொற்று இருந்தவை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை திரும்பி வந்தன என்று கணக்கிட்டால், கண்ணில் படாமல் போனவற்றைப் பற்றி ஓரளவு பேச முடிகிறது. பறவை இடம் மாறிப் போயிருக்கலாம், வலையைக் கண்டு விலகக் கற்றிருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். தொங்கும் கூடுகளில் கால் எலும்பு வளர்ந்த குஞ்சுகளுக்கு, பறக்கும் முன்பே வளையமிடத் தொடங்கியிருக்கிறோம். முதல் கடி படுவதற்கு முன்பான ரத்தம் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும். அந்தக் குஞ்சுகளில் எவை முதல் மழைக்காலத்தைத் தாண்டின என்பதற்கு இன்னும் பல பருவங்களின் பதிவு வேண்டும். ஸ்லைடுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த மாணவிதான் இப்போது அவற்றுக்குப் பட்டியல் போடுகிறாள்.