"லேசர் வெச்சாச்சே, சிஸ்டர்!"

விழித்திரை விலகி வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "லேசர்லயே முடிச்சிடலாமா சிஸ்டர்?" என்றுதான். கிழிசல் மட்டும் என்றால் சரி, உட்கார வைத்தே லேசர் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கிழிசல் வழியாக நீர் புகுந்து திரை எழும்பிவிட்டால் லேசர் அங்கே பிடிக்காது. ஒளியை வாங்கிச் சூடாவது திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலம். நடுவில் நீர் நின்றால் அந்தச் சூடு திரைக்கு வந்து சேராது.

அதனால் ஆபரேஷன் தியேட்டரில் லேசரின் முறை கடைசியில்தான் வரும். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழை வெட்டி உறிஞ்சி, திரைக்கு அடியில் இருக்கும் நீரை வடித்து, காற்றை நிரப்பித் திரையைப் படிய வைத்த பிறகு டாக்டர் "லேசர்" என்பார். மைக்ராஸ்கோப்பில் டாக்டரின் கண்ணைக் காக்கும் ஃபில்டர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு லேசர் மெஷினை ஸ்டாண்ட்பையிலிருந்து 'ரெடி'க்கு மாற்றுவேன். பெடலை அழுத்த அழுத்த 'பீப்' சத்தம். மானிட்டரில் கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சாம்பல் வெள்ளைப் புள்ளிகள். கோலப்புள்ளி மாதிரி இருக்கிறது என்பார்கள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். புள்ளி வெளுக்காவிட்டால் பெரும்பாலும் அடியில் இன்னும் நீர் இருக்கும். பவரை ஏற்றிக்கொண்டே போவதைவிட மறுபடி வடிப்பதுதான் புத்தி.

இத்தனைக்கும் அந்தப் புள்ளி வெறும் சூட்டுக்காயம். அது தழும்பாகி இறுக 10 முதல் 14 நாள் ஆகும். ஜெர்மனியின் கண் டாக்டர் மேயர்-ஷ்விக்கராத்துக்கு, சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவரின் விழித்திரைத் தழும்பிலிருந்துதான் ஒளியால் சுட்டு ஒட்டும் யோசனையே பிறந்தது. லேசர் வருவதற்கு முன்பே, 1940களின் பிற்பகுதியில், சூரிய ஒளியைக் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்து பார்த்தவர் அவர்.

தழும்பு இறுகும்வரை திரையை உள்ளிருந்து தாங்க வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ வேண்டும். வாயுக்குமிழி மேலே மிதக்கும்; அது கிழிசலில் போய் முட்டும்படி தலையை வைத்திருக்க வேண்டும். பலருக்குக் குப்புறப் படுக்கை. வார்டில் சண்டை தொடங்குவது இங்கேதான். "லேசர் வெச்சாச்சே சிஸ்டர், இன்னும் எதுக்குக் கவுந்து படுக்கணும்?" என்று ஒரு பெரியவர் தலையணையைத் தள்ளிவிட்டார். "ஐயா, லேசர் காயத்தைத்தான் வெச்சிருக்கு, ஆறணும்ல" என்றதும் முனகிக்கொண்டே கவிழ்ந்தார்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உயரம் ஏறினால் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும். சி3எஃப்8 என்ற வாயு என்றால் கரைய 6 முதல் 8 வாரம். அதுவரை கீழேயே தங்க வேண்டும். கீழே தங்க உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுவேன். இல்லையென்றால் டாக்டர் எண்ணெய் பக்கம் யோசிப்பார்; பின்னால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆகும்.