களியும் காதலிக்க நேரமில்லையும்

சனிக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் படம்தான். படத்துக்கு ஏற்ற சாப்பாடு முக்கியம். மீன் குழம்பு சரிவராது, முள் பார்த்தே நேரம் போய்விடும். நேற்று கேழ்வரகுக் களியும் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும். இலவம்பாடிக் காய், புவிசார் குறியீடு வாங்கிய நம்ம வேலூர்க் காய். நறுக்கும்போது காம்பு முள் விரலில் குத்தத்தான் செய்யும். ஆனாலும் காம்போடு நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கினால்தான் அந்த ருசி.

படம், 1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்லும் இடம் வந்ததும், குழம்பில் தோய்த்த களி உருண்டையைக் கையில் வைத்தபடியே ஆயா சிரித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையாவது முறையோ! அப்புறம், "இன்னொரு தடவை போடுடா" என்றார்கள். போட்டேன். தட்டில் இன்னொரு கரண்டி குழம்பும்.