அம்மா திட்டிய விதைப்பவர்

கல்லறைத் திருநாள் அன்று காலையில் எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அக்கா முந்தின நாள் ராத்திரியே பையைக் கட்டி வைத்துவிடுவாள். மெழுகுவர்த்தி ஒரு கட்டு, தீப்பெட்டி, கல்லறையைத் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷ், பழைய துண்டு, சின்ன பக்கெட். நவம்பர் 2 என்பதால் குடையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை இந்த ஒரு நாளை மட்டும் விட்டுவைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வியாசர்பாடி ஜீவாவில் பீச் வண்டி பிடித்து ராயபுரத்தில் இறங்கி, முதலில் பேதுரு என்கிற இராயப்பர் கோயிலில் பூசை, அப்புறம் காசிமேடு கல்லறை. அம்மா போனதிலிருந்து இதுதான் எங்கள் யாத்திரை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்வருவதற்கு யாத்திரை என்று பெயரா என்று. எனக்கு இது போதும்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒன்றில் இருபது வயதுகூட இருக்காத ஒரு பையனின் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘புதைக்கவில்லை, விதைத்திருக்கிறோம்’. எத்தனையோ போஸ்டரில் பார்த்துப் பார்த்து மரத்துப்போன வரி. அன்றைக்கு என்னவோ நின்று படித்தேன். சின்னப்பர், அதாவது பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். செத்தவர்கள் எப்படி எழுவார்கள், எந்த உடம்போடு வருவார்கள் என்று கேட்டவனை முட்டாளே என்று அதட்டிவிட்டு விதையைக் காட்டுகிறார். நீ விதைப்பது முளைத்து நிற்கப்போகும் பயிரை அல்ல, வெறும் மணியைத்தானே என்கிறார். அழியக்கூடியதாய் விதைக்கப்படுகிறது, அழியாததாய் எழுகிறது. வலுவற்றதாய் விதைக்கப்படுகிறது, வலுவோடு எழுகிறது. அம்மாவைக் கடைசியாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியபோது என் கையில் கனமே தெரியவில்லை. வலுவற்றதாய் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கனமின்மைதான் நினைவுக்கு வரும்.

அம்மாவுக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பூண்டி மாதா கோயில் மணி காதில் விழும் தூரம் என்று சொல்வாள். கொஞ்சம் மிகைதான். அவளுடைய அப்பா, என் தாத்தா, நாற்றங்காலில் விதை தெளிப்பதற்கென்றே பக்கத்து ஊர்க்காரர்கள் கூப்பிடும் ஆள். விதை நெல்லை முதலில் உப்புத்தண்ணீரில் போட்டு, மிதக்கிற பதரையும் கருக்காயையும் அள்ளி எறிய வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட வேண்டும். வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்ததும், தண்ணீர் வடித்த சேற்றில் கை அளந்து தெளிக்க வேண்டும். ஒரு மணி கூட வரப்பில் விழக் கூடாது. விழுந்தால் தாத்தா குனிந்து பொறுக்குவாராம்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், விதைப்பவர் உவமையைக் கேட்டு உருகுவாளா? எனக்குப் பத்து வயதிருக்கும். பூசையில் மத்தேயு 13ஆம் அதிகாரம் வாசித்தார்கள். வழியோரம் விழுந்ததைப் பறவை தின்றது, பாறையில் விழுந்தது வேர் இல்லாமல் காய்ந்தது, முட்செடிக்குள் விழுந்தது நெருக்குண்டது, நல்ல நிலத்தில் விழுந்தது நூறு, அறுபது, முப்பது மடங்கு கொடுத்தது. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: “பாறையில போயி எவனாச்சும் வெதை தெளிப்பானா? நாலு கை போட்டா மூணு கை வீணு. எங்கப்பா பாத்திருந்தா அந்தாள அப்பவே கூலி குடுத்து அனுப்பியிருப்பாரு.” நூறு மடங்கும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை விட்டால் 2 டன்னுக்கு மேல் நெல் அடிக்கிற மண் அவளுடையது. ஈசாக்கு விதைத்த அதே ஆண்டில் நூறு மடங்கு அறுத்தான் என்று தொடக்கநூல் ஆண்டவருடைய ஆசியாகச் சொல்வது அந்த வறண்ட நாட்டுக் கோதுமையையும் வாற்கோதுமையையும் வைத்து என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

அந்த நாட்டுக்காரர்கள் விதைத்ததும் வேறு மாதிரி. அக்டோபர், நவம்பரில் முன்மாரி பெய்து மண் இளகியதும் மடியிலிருந்து அள்ளி வீசுவார்கள். எங்கள் பக்கம் தாளடி நடுகிற அதே நாட்கள். வயலுக்கு நடுவே ஆட்கள் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதை இருக்கும். மேலே ஒரு விரற்கடை மண்ணும் கீழே பாறையுமான இடமும் இருக்கும். வீசுகிற கைக்கு இதெல்லாம் தெரியாது. இதைச் சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறேன். “தெரியலைன்னா மொதல்ல பாத்துட்டு வரணும்” என்று முடித்துவிட்டாள்.

ராயபுரத்தில் இறங்கியபோது தூறல். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் இது. இப்போது இறங்குகிற எவரும் அதை நினைப்பதில்லை, நானும்தான். கோயிலில் முதல் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அடுத்த பூசைக்கு நேரம் இருந்தது. அக்கா மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இது படகோட்டிகள் கட்டிய கோயில். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் படகுக்காரர்கள் தங்களைப் போலவே படகும் வலையுமாக வாழ்ந்த இராயப்பரைப் பாதுகாவலராக எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கே அவர் பெயர்தான் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை.

அங்கே உட்கார்ந்து 13ஆம் அதிகாரத்தை மறுபடி புரட்டினேன். இத்தனை வருடம் கண்ணில் படாத ஒரு வரி இரண்டாம் வசனத்தில் இருந்தது. கூட்டம் நெருக்கவே இயேசு படகில் ஏறி உட்காருகிறார், மக்கள் கரையில் நிற்கிறார்கள். விதைப்பவர் உவமையை அவர் சொன்னது படகில் இருந்து! மாற்கும் நான்காம் அதிகாரத்தில் இதையே சொல்கிறார். அந்தப் படகு யாருடையது என்று நற்செய்தியில் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கெனசரேத்து ஏரியில் வலை வீசிப் பிழைத்த சீமோன் இருந்திருப்பார். நிலமில்லாத ஆள்.

அந்தச் சீமோனுக்குத்தான் இயேசு பேதுரு என்று பெயர் வைத்தார். பேதுரு என்றால் பாறை. ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல். நான் உட்கார்ந்திருந்தது பாறைச்சாமி கோயிலில்.

பாறையில் விழுந்த விதைக்கு இயேசுவே விளக்கம் சொல்கிறார்: கேட்டதும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள், வேர் இல்லாததால் துன்பம் வந்ததும் விழுந்துவிடுவார்கள். இராயப்பரின் கதையை எடுத்துப் பாருங்கள். கூப்பிட்டதும் வலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். தண்ணீர்மேல் நடக்கிறேன் என்று படகிலிருந்து குதிக்கிறார், காற்றைப் பார்த்ததும் மூழ்குகிறார். உயிரையே தருவேன் என்கிறார், சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் அந்த ஆளைத் தெரியாது என்கிறார். முளைத்ததும் வேகம், காய்ந்ததும் வேகம். அம்மாவின் கணக்குப்படி இங்கே போட்ட விதை சுத்த வீண்.

அந்த ஆள் பெயரில் உள்ள முதல் கடிதத்தின் முதல் அதிகாரம், 23ஆம் வசனம்: நீங்கள் புதுப்பிறப்பு அடைந்திருப்பது அழியக்கூடிய வித்தினால் அல்ல, அழியா வித்தினால். அடுத்த வசனத்திலேயே எசாயாவின் புல்லும் பூவும் வருகின்றன. மனுஷர் எல்லாரும் புல், புல் உலர்ந்துபோகும். விதையைப் பற்றி இப்படி எழுதியிருப்பது பாறை. அம்மா இருந்தால் இதை அவளிடம் சொல்லியிருப்பேன். ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பாள். அதுவே பெரிய விஷயம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருடம், யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பேசியவர் விதைக் காணிக்கை என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் விதைத்தால் லட்சமாய் அறுக்கலாமாம். ஆதாரம், கொரிந்தியர் இரண்டாம் கடிதம் 9ஆம் அதிகாரம்: குறைய விதைப்பவர் குறைய அறுப்பார். மருந்துச் சீட்டோடு பையில் வைத்திருந்த 1000 ரூபாயைப் போட்டுவிட்டு வந்தேன். அம்மா கேட்டாள், “மூட்டம் போட்டியா, மொளை விட்டுச்சா?” ஒரு வாரம் இதையே கேட்டாள். பின்னாளில் 8, 9 இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தபோது வயிறெரிந்தது. சின்னப்பர் அங்கே வசூலிப்பது எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காக. இவர்களிடம் இருப்பது அவர்களுடைய குறையை நிறைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. லாபக் கணக்கு அங்கே எங்கே வருகிறது? விருந்தினருக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவன் நிலத்துக்கு வித்தும் இட வேண்டுமா என்று வள்ளுவர் கேட்கிறாரே, அதுதான் அந்த அதிகாரத்துக்குக் கிட்டே வருகிறது.

பூசை முடிந்து ஷேர் ஆட்டோவில் காசிமேடு. மீன் வாடை வரும்போதே அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள், திரும்பும்போது அவளே வஞ்சிரம் விலை கேட்பாள். ரோட்டோரம் ஒரு கூட்டம் பெண்கள் கூடையைக் கவிழ்த்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், உடைந்ததும் நசுங்கியதும் கருவாட்டுக்கு. படகில் தொடங்கிய அந்த 13ஆம் அதிகாரத்தில் கடைசியாக வருவதும் வலை உவமைதான். எல்லா மீனையும் வாரிவரும் வலை. பிரிப்பது கரைக்கு வந்த பிறகு. நடுவில் வருகிற களைகள் உவமையிலும் அப்படியே. களையைப் பிடுங்கப் போய் கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலக்காரர். அம்மா இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். களை எடுக்காத வயலை அவள் மன்னித்ததே இல்லை.

கல்லறை வாசலில் பூக்கடை வரிசை. “இன்னா சார், ரெண்டு முழத்தோட நிறுத்திட்ட, அம்மாவுக்குத்தான?” என்றாள் ஒரு பாட்டி. நான்கு முழமாயிற்று. உள்ளே சேறு. ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தைக் கழுவி, சாமந்தியை உதிர்த்துச் சிலுவை வடிவில் அடுக்கி, மெழுகுவர்த்திக்குக் குடை பிடித்து நின்றது. அக்கா பெயர்ப்பலகையைத் தேய்த்தாள். நான் தண்ணீர் சுமந்தேன். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் அப்படியே இருக்கும், மடிந்தால்தான் மிகுந்த விளைச்சல் தரும் என்று யோவான் 12இல் வருவதைப் பக்கத்துக் கல்லறையில் ஒரு பெரியவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். செத்த விதை முளைக்காதே என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் நாற்று ஒன்றைப் பிடுங்கி அலசிக் காட்டினார். வேருக்கு நடுவே உமி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. “இருந்ததெல்லாம் குடுத்துடுச்சு பாரு” என்றார்.

சாமியார் தீர்த்தம் மந்திரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். பின்னால் ஒரு பையன் பக்கெட்டைத் தூக்கி வந்தான். நூற்றுக்கணக்கான கல்லறை, மழை வேறு வலுக்கிறது, ஒவ்வொன்றாக நின்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? முக்கி முக்கி இரண்டு பக்கமும் வீசித் தெளித்துக்கொண்டே நடந்தார். பளிங்குக் கல்லில் விழுந்தது. பெயரழிந்த மண்மேட்டில் விழுந்தது. ஆள் வராத ஒரு கல்லறையை மூடியிருந்த முட்செடியில் விழுந்தது. நடைபாதையில் விழுந்தது, அதில் படுத்திருந்த நாய் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து போனது. அம்மாவின் மேல் விழுந்ததைவிட என் சட்டையில் விழுந்ததுதான் அதிகம்.

“பாதி தண்ணி ரோட்டுலதான் போகுது” என்றாள் அக்கா, அச்சு அசல் அம்மா குரலில்.